பஞ்சாயத்தாரில் ஒருத்தி

ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில் அந்தத் தெருவில் அன்றைக்குத் தறி ஓடவில்லை. சிட்டிபாபு வீட்டு மருமகள் ஸ்ரீதேவி தூக்கில் தொங்கிவிட்டாள் என்ற செய்தி பால்காரரோடு வந்து, வீடு வீடாக நுழைந்து, தாட்சாயணியை எட்டியபோது அவள் சட்டினிக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள். கடுகு கருகிப் புகைந்தது. கரண்டியை இறக்கி வைக்க அவளுக்குத் தோன்றவில்லை.

அவள் கணவன் தேவேந்திரன் சிட்டிபாபுவின் ஷெட்டில் பவர்லூம் ஓட்டுகிறவன். மகள் ரேகா திருப்பதியில் டிகிரி படிக்கிறாள், தினமும் பஸ்ஸில் போய் வருகிறாள். தாட்சாயணி வீட்டில் உட்கார்ந்து நூல் சுற்றிக் கொடுப்பாள். தெருப் பெண்களின் டுவாக்ரா சேமிப்புக் குழுவுக்கும் அவள்தான் லீடர். பேங்க்குக்குப் போனால் தெலுங்கில் பேசிக் காரியத்தை முடித்துக்கொண்டு வருகிற சாமர்த்தியம் இருந்தது. மற்றபடி பயந்த சுபாவம். சாவு வீட்டுக்குப் போனால் வாசலோடு நின்று, உள்ளே பார்க்காமல் திரும்பிவிடுவாள்.

ரெவின்யூ ஆபீசிலிருந்து கிராம அதிகாரி வி.ஆர்.ஓ. பைக்கில் வந்து அவள் வீட்டு முன்னால் நிறுத்தினார்.

"தாட்சாயணம்மா, ஆஸ்பத்திரி வரைக்கும் கொஞ்சம் வாங்க. கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள்ள பொண்ணு செத்துட்டா தாசில்தாரே வந்து பாக்கணும்னு ரூலு. கூட அந்தத் தெருக்காரங்க அஞ்சு பேரு இருக்கணும். அதுல பொம்பளை ஒருத்தராவது வேணும்."

"நானா? நான் இன்னாத்துக்குங்க? எனக்கு ஒண்ணும் தெரியாதே."

"தெரிஞ்சிருக்கணும்னு இல்லம்மா. பாக்கணும். பாத்தா இன்னா தோணுதோ அதச் சொல்லி கையெழுத்துப் போடணும். பஞ்சாயத்தாருன்னு பேரு. கவர்ன்மெண்டு கூப்பிட்டா மாட்டேன்னு சொல்லக் கூடாது."

அவள் புடவை மாற்ற உள்ளே போனாள். தேவேந்திரன் பின்னாலேயே வந்து குரலைத் தணித்தான். "நீயா எதுவும் பேசாத. மத்தவங்க இன்னா சொல்றாங்களோ அதயே சொல்லிட்டு வந்துடு. ஓனர் வூட்டு விசயம், தெரிதா?"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பிண அறை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வேப்பமரத்தை ஒட்டி இருந்தது. தாசில்தார் சின்ன வயசுப் பெண்மணி. முகமூடி போட்டிருந்தார். இன்ஸ்பெக்டர், எழுதுவதற்கு ஒரு ஆள், அப்புறம் தெருக்காரர்கள் ஐந்து பேர். அதில் பெரியவர் தாமோதரன், முன்னாள் கவுன்சிலர், சிட்டிபாபுவுக்குத் தூரத்து உறவு. அவர்தான் எல்லோருக்கும் முன்னால் நின்றார். தாட்சாயணி கடைசியில், கதவை ஒட்டி நின்றாள். ஓடிவிட வசதியான இடம் அது.

துணியை விலக்கினார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "பாக்கணும்மா," என்று தாசில்தார் தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். கண்ணைத் திறந்தபோது எதிரே ஸ்ரீதேவியின் கைதான் தெரிந்தது. முழங்கைக்கு மேலே, ஜாக்கெட் முடிகிற இடத்துக்குக் கீழே, விரல் விரலாகத் தடம். சில இடத்தில் சிவந்திருந்தது. சில இடத்தில் மஞ்சளாகப் பழுத்திருந்தது. இன்னொரு கையிலும் அப்படியே. இரண்டு நாளைக்கு முன்னால் இந்தப் பெண் மாடியில் துணி உலர்த்தும்போது அந்த வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தது ஞாபகம் வந்தது. ஏன் என்று அப்போது கேட்கவில்லை.

தாசில்தார் ஒவ்வொருவராகக் கேட்டார். தாமோதரன் தொண்டையைச் செருமிக்கொண்டார். "வயித்து நோவு ரொம்ப நாளா இருந்துச்சுங்க. தாங்க முடியாம மனசு வெறுத்து இப்படிப் பண்ணிக்கிச்சு. வேற ஒண்ணும் இல்ல." அடுத்தவர் அதையே சொன்னார். அதற்கடுத்தவர் அதைச் சுருக்கிச் சொன்னார். எழுதுகிறவரின் பேனா நிற்காமல் ஓடியது.

"நீங்கம்மா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தாமோதரன் பார்த்த பார்வையில் கோபம் எதுவும் இல்லை. பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போட்டு வைத்தவர் பார்க்கிற மாதிரி, பதில் முன்பே முடிவாகிவிட்டது என்கிற பார்வை. அதையே சொல்லிவிடத்தான் அவள் வாயைத் திறந்தாள். வயிற்று நோவு என்ற வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது.

"கையில தடம் இருக்குதுங்க," என்றாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. "பழசு கொஞ்சம், புதுசு கொஞ்சம். அதையும் எழுதிக்குங்க."

பேனா நின்றது. தாசில்தார் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். பிறகு எழுதச் சொன்னார்.

வெதுருகுப்பத்திலிருந்து ஸ்ரீதேவியின் அம்மா ரத்தினம்மா வந்து சேர்வதற்குள் போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடம்பைக் கட்டிவிட்டார்கள். அவள் வராந்தாவிலேயே விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பியதும் இன்ஸ்பெக்டர் காலைப் பிடித்துக்கொண்டு, தங்கள் மாந்தோப்பை மாப்பிள்ளை பேருக்கு எழுதித் தரச் சொல்லி மகளை வதைத்தார்கள் என்று கதறினாள். புருசன் சுரேஷ்பாபு மேலும், மாமனார் சிட்டிபாபு மேலும் வழக்குப் பதிவானது. இருவரும் ஜெயிலுக்குப் போய், சில வாரத்தில் ஜாமீனில் வந்தார்கள்.

வந்த மறுநாளே சிட்டிபாபு தாட்சாயணி வீட்டுக்கு வந்தார். மொட்டை போட்டிருந்தார். திருமலையில் வாங்கிய லட்டு கையில் இருந்தது.

"பிரசாதம் எடுத்துக்கோம்மா," என்று நீட்டினார். நாற்காலியில் உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். தாட்சாயணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நீ தெரியாம சொல்லிட்ட. எனக்குப் புரியுது. ஆஸ்பத்திரி, பொணம், போலீசு, யாருக்குத்தான் தலை சுத்தாது? கோர்ட்டுல கேட்டா சரியா பாக்கலன்னு சொல்லிடு. அவ்ளோதான்."

அவள் காலித் தம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"ரேகா நல்லா படிக்குதா?" என்று எழுந்துகொண்டே கேட்டார். "எந்த பஸ்ல போய்க்கினு வருது? புத்தூர்ல எறங்கி மாறுதா, நேர் பஸ்ஸா?"

"நேர் பஸ்ஸுங்க," என்று தேவேந்திரன் சொன்னான். சொன்ன பிறகுதான் கேள்வி அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துப்போனது.

அவர் போனதும் தாட்சாயணி புழக்கடைக்கு ஓடி வாந்தி எடுத்தாள். அன்று முதல் தெருவில் பைக் வேகம் குறைந்தாலே அவள் கதவைத் தாழிட்டுவிடுவாள். ரேகாவைத் திருப்பதியில் ஒரு ஹாஸ்டலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். சனி ஞாயிறு வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொன்னபோது அந்தப் பெண் காரணம் கேட்டாள். தாட்சாயணி அவள் தலையணை உறையை மாட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த மாதம் தேவேந்திரனைத் தறிக்கு வர வேண்டாம் என்று ஷெட் மேஸ்திரி சொல்லிவிட்டான். அவர்கள் புத்தூருக்குக் குடிபோனார்கள். அங்கே வேறொருவர் ஷெட்டில் அவனுக்கு வேலை கிடைத்தது.

"உன் வாயால வந்தது," என்று தேவேந்திரன் ஒரே ஒரு முறை சொன்னான். பிறகு அவனே, "வுடு, ஆனது ஆயிப்போச்சு," என்றான். அந்த இரண்டாவது பேச்சுதான் அவளை அதிகமாக அழ வைத்தது.

வழக்கு சித்தூர் செஷன்ஸ் கோர்ட்டுக்கு வர மூன்று வருஷம் ஆனது. கான்ஸ்டபிள் ஒருவர் புத்தூர் வீட்டைத் தேடி வந்து சம்மன் கொடுத்தார். அந்த வாரம் முழுக்க அவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்தாள். கோர்ட்டுக்கு முந்தின நாள் ரேகாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. திருப்பதிக்குப் போய், ஹாஸ்டல் வாசலில், இப்போது எம்.ஏ. படிக்கும் ரேகா காலேஜுக்குக் கிளம்புவதைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த பிள்ளையார் கோயில் படியில் உட்கார்ந்து தன் தம்பிக்குப் போன் போட்டாள்.

தம்பி தனசேகர் அமெரிக்காவில் நியூஜெர்சியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அங்கே போய்ப் பல வருஷமாகி, அந்த ஊர்க் குடியுரிமையும் வாங்கிவிட்டான்.

"சேகரு, நான் நாளைக்குப் போவல. உடம்பு சரியில்லன்னு சொல்லிடறேன்."

"அக்கா, இரு, இரு. அழாத." அந்தப் பக்கம் ஏதோ கதவு சாத்துகிற சத்தம். "நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லவே இல்ல. போன மாசம் என்னையும் கோர்ட்டுல கூப்டாங்க. சாட்சிக்கு இல்ல, ஜூரிக்கு."

"அப்டின்னா?"

"இங்க பெரிய கேஸுல குத்தவாளியா இல்லையான்னு ஜட்ஜு சொல்றதில்லக்கா. ஊர் ஜனத்துல பன்னெண்டு பேரைக் கூட்டிக்கினு வந்து உக்கார வெச்சிடறாங்க. அவங்கதான் சொல்லணும். எங்கூட ஸ்கூல் பஸ் ஓட்டறவரு ஒருத்தரு, பேக்கரியில கேக்கு செய்யற அம்மா ஒருத்தங்க. ஓட்டர் லிஸ்டுல, லைசென்சுல இருக்கற பேருங்கள்ல குலுக்கிப் போட்டு எடுக்கறாங்க."

"உனுக்குச் சட்டம் தெரியுமாடா?"

"தெரியாது. தெரியாதவங்கதான் வேணுமாம். முன்ன இங்கிலாந்து ராஜா வெச்ச ஜட்ஜுங்க இஷ்டத்துக்கு ஆளை உள்ள தள்ளிக்கினு இருந்தாங்களாம். அந்தக் கோபத்துல, நாடு ஆரம்பிச்சப்பவே சட்டத்துல எழுதி வெச்சிட்டாங்க. ஒரு மனுசன் தலையெழுத்தை அவன மாதிரி மனுசங்கதான் சொல்லணும்னு. மொத நாளே ஜட்ஜம்மா எங்ககிட்ட சொன்னாங்க. அதோ உக்காந்துக்கினு இருக்கறாரு பாருங்க, அவரு இப்ப நிரபராதி. தப்புப் பண்ணாருன்னு கவர்ன்மெண்டுதான் காட்டணும், அவரு ஒண்ணும் காட்ட வேணாம். நியாயமான சந்தேகம் இருந்தா விட்டுடணும். தீர்ப்புன்னா பன்னெண்டு பேரும் ஒரே வார்த்தை சொல்லணும்."

"பயமா இல்லியா உனுக்கு?"

"துன்ன முடியலக்கா. ஒரு ஆளைக் கத்தியால குத்திட்டான்னு கேஸு. குத்தினானா இல்லையான்னு நான் எங்க கண்டேன்? அப்ப ஒரு லேடி சாட்சிக்கு வந்தாங்க. துணி துவைக்கற கடையில வேலை. அவங்க கை அப்டி நடுங்குச்சு. மடியில வெச்சி அமுத்திக்கினாங்க. வக்கீல் ஒரு கேள்வி கேட்டாரு, அந்தத் தெரு லைட்டு எரிஞ்சுதா இல்லையான்னு. ஞாபகம் இல்லன்னாங்க. ஞாபகம் இல்லன்னு சொன்னதாலதான் மத்ததெல்லாம் நாங்க நம்பினோம். எங்களுக்கு வேற இன்னாக்கா இருந்துச்சு? அவங்க வாயிலருந்து வந்ததுதான் இருந்துச்சு."

"இன்னா சொன்னீங்க கடைசியா?"

"குத்தம்னு சொன்னோம். அவனோட அம்மா பின்னால உக்காந்துக்கினு இருந்தாங்க." அவன் குரல் தாழ்ந்தது. "அவங்க அழுத சத்தம் இன்னும் போவல."

"அந்த சாட்சிப் பொம்பளை அப்புறம் இன்னா ஆனா?"

"தெரியலக்கா," என்றான் தனசேகர்.

நல்லா இருக்கிறாள் என்று அவன் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாட்சாயணி போனை வைத்துவிட்டு வெகுநேரம் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பயம் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் கடல் தாண்டி ஒரு பொம்பளை மடியில் கையை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது கண்ணுக்குள்ளேயே நின்றது. சாயங்கால பஸ்ஸில் புத்தூர் திரும்பி, மறுநாள் கட்டிக்கொள்ள ஒரு காட்டன் புடவையை எடுத்து வைத்தாள்.

காலையில் தேவேந்திரனும் கூட வந்தான். கார்வேட்டிநகரம் தாண்டி வழி நெடுக மாந்தோப்புகள்.

கோர்ட்டில் அரசு வக்கீல் அவளைத் தனியே அழைத்தார். "மத்த நாலு பேரும் மாத்திச் சொல்லிட்டாங்கம்மா. கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டோம், ஒண்ணும் பாக்கலன்னுட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க." தைரியம் சொல்வதாக அவர் நினைத்தார். அவள் வெளிவாசலைத் திரும்பிப் பார்த்தாள்.

கூண்டில் ஏறியதும் முதலில் கண்ணில் பட்டது சிட்டிபாபுதான். பின்பக்கம் மகனோடு நின்றிருந்தார். அவளைப் பார்த்து, தெருவில் எதிர்ப்பட்டால் தலையசைப்பதுபோல் லேசாகத் தலையசைத்தார். தாட்சாயணி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். கை நடுங்கியது. மறைக்க மடி இல்லை, நின்றுகொண்டிருந்தாள். முந்தானைக்குள் கையைச் சுருட்டிக்கொண்டாள்.

தெலுங்கில் கேட்டார்கள். தெலுங்கில் ஆரம்பித்து, பயத்தில் பாதியில் தமிழுக்கு வந்துவிட்டாள். நீதிபதி அப்படியே சொல்லச் சொன்னார். ஆஸ்பத்திரியில் பார்த்ததைச் சொன்னாள். பிறகு எதிர்தரப்பு வக்கீல் எழுந்தார். நரைத்த தலை, இதமான குரல்.

"உங்க வீட்டுக்காரரை வேலையை விட்டு நிறுத்தினதுல கோபம். அதானேம்மா?"

"கோபம் இல்லீங்க. பயந்தான்."

எங்கோ ஒருவர் சிரித்தார். நீதிபதி நிமிர்ந்து பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சிட்டிபாபு மருமகளை அடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

"இல்லீங்க."

"சுரேஷ்பாபு அடிச்சு?"

"பாக்கலீங்க."

"அழற சத்தம், சண்டைச் சத்தம்?"

"தறி ஓடிக்கினு இருக்கும்போது எங்க தெருவுல ஒண்ணும் கேக்காதுங்க."

"மாந்தோப்பு பத்தி அந்தப் பொண்ணு உங்ககிட்ட சொல்லிச்சா?"

"எங்கிட்ட சொல்லல."

அரசு வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த ரத்தினம்மா வாயில் முந்தானையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள்.

"ரொம்ப சரி," என்றார் எதிர்தரப்பு வக்கீல். "தூக்குலேருந்து இறக்கும்போது நாலு பேரு கையப் பிடிச்சுத்தான் இறக்கினாங்க. அந்தத் தடந்தான் நீங்க பாத்தது. இல்லையா?"

"அது தெரியாதுங்க. நான் பாத்தப்ப ரெண்டு கலர்ல இருந்துச்சு. கொஞ்சம் செவப்பு. கொஞ்சம் மஞ்சளா பழுத்துப் போயிருந்துச்சு."

"பழுத்ததுன்னா பழசுன்னு சொல்றீங்க. நீங்க டாக்டரா?"

"இல்லீங்க. கலரு சொன்னேன். ஏன் அப்டி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது."

"யாரோ சொல்லிக் கொடுத்து வந்திருக்கீங்க."

பின்னால் சிட்டிபாபு செருமினார். வேறு எந்தச் சத்தமும் இல்லை. "சொல்லிக் குடுத்தது வேறங்க," என்றாள். "பாக்கலன்னு சொல்லச் சொல்லித்தான் சொல்லிக் குடுத்தாங்க. எம் பொண்ணு எந்த பஸ்ல போவுதுன்னு கேட்டாங்க."

யார் கேட்டார்கள் என்று நீதிபதி கேட்டார். அவள் விரல் நீட்டவில்லை, பேரைச் சொன்னாள். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நீதிபதி எழுதிக்கொண்டே இருந்தார், அந்தப் பேனாச் சத்தம் அவளுக்குத் தறியைவிடப் பெரிதாகக் கேட்டது.

இறங்கி வெளியே வந்ததும் தேவேந்திரன் அவள் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வெளியில் அவன் அப்படிப் பிடித்ததில்லை. பஸ் ஏறுகிற வரைக்கும் இருவரும் மாறி மாறித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

போஸ்ட்மார்ட்டம் செய்த டாக்டர் அடுத்த வாய்தாவில் வந்தார். கைத் தடங்களில் சில சாவுக்குப் பல நாள் முந்தியவை என்று அவரும் சொன்னார். தோப்பு கேட்டது புருசன் பேருக்கு, கூடவே ஒரே அறையில் இருந்தவனும் அவன்தான் என்று தீர்ப்பில் சுரேஷ்பாபுவுக்கு ஏழு வருஷம் ஜெயில் ஆனது. சிட்டிபாபு அவளை மிரட்டியது தப்புதான் என்றார் நீதிபதி. ஆனால் மருமகளைக் கொடுமைப்படுத்தியதற்கு அவருக்கு எதிராகச் சந்தேகத்துக்கு இடமில்லாத சாட்சி இல்லை என்று அவரை விட்டுவிட்டார். அவர் நகரிக்குத் திரும்பி ஷெட்டைத் திறந்தார். மகனுக்காக ஹைகோர்ட்டில் அப்பீல் போட்டிருக்கிறார் என்று கேள்வி.

தாட்சாயணிக்குச் சந்தோஷம் வரவில்லை. சுரேஷ்பாபு சின்னப் பையனாக அவள் வீட்டு வாசலில் சைக்கிள் ஓட்டி விழுந்திருக்கிறான். தன் வார்த்தை ஒருவனை உள்ளே அனுப்பியது, இன்னொருவரை வெளியே விட்டது. இரண்டில் எதில் தப்புப் பண்ணினோம் என்று பாத்திரம் கழுவும்போதெல்லாம் யோசித்தாள். புத்தூர் சந்தையில் நகரி ஆள் யாரைப் பார்த்தாலும் கடைக்குள் நுழைந்துகொண்டாள். ரேகா படிப்பு முடிந்து திருப்பதியிலேயே ஒரு வேலைக்குச் சேர்ந்தாள். இன்றைக்கும் அவள் போன் எடுக்கச் சற்றுத் தாமதமானால் தாட்சாயணிக்கு வேர்த்துவிடும்.

மாங்காய்க் காலத்தில் ஒருநாள் ரத்தினம்மா புத்தூருக்கு வந்தாள். விலாசம் விசாரித்து, ஒரு கூடைப் பழத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்திருந்தாள். இறக்கி வைத்துவிட்டு நேராகவே கேட்டாள்.

"அப்பன்காரனையும் சேத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனும் உள்ள போயிருப்பான் இல்ல?"

"நான் பாக்கலயேக்கா."

"பாக்கல." ரத்தினம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டப்போகிறாள் என்று தாட்சாயணி காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. "எம் பொண்ண எனக்குச் சரியா காட்டவே இல்ல. கட்டிட்டாங்க. அப்புறம் நான் மயக்கத்துல கெடந்தேன். நீதான் கிட்ட நின்னு பாத்த. மூஞ்சி எப்டிம்மா இருந்துச்சு?"

அந்த அறையில் தாட்சாயணி முகத்தைப் பார்க்கவேயில்லை. கையைத் தாண்டி மேலே கண்ணைத் தூக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

"தூங்கிக்கினு இருக்கற மாதிரி இருந்துச்சுக்கா," என்றாள். "வலி ஒண்ணும் தெரியல மூஞ்சில. பொட்டு கூட அழியல."

ரத்தினம்மா பல தடவை தலையை ஆட்டினாள். பிறகு அங்கேயே கைகால் கழுவிக்கொண்டு, போட்ட சோற்றைச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டு வாங்கிக்கொண்டாள். வெயில் தாழ்ந்ததும் தேவேந்திரன் அவளை வெதுருகுப்பம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தான்.